பீங்கான் தக்காளி ஏலம் எடுத்தது குறித்து

பெருமதிப்பிற்குரிய இளைய சகோதரர் அவர்களுக்கு,

தங்கள் மடல் கிடைத்து ஒரு மழைக்காலமே கழிந்துவிட்ட நிலையில், அதற்குரிய மறுமொழியை இத்தனை தாமதமாக அனுப்ப நேர்ந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். தாங்களும் தங்கள் துணைவியாரும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்றே நம்புகிறேன். இங்கு நான் நலம். என் மூட்டுவலியும் நலமாகவே இருக்கிறது.

தங்கள் இல்லத்தின் பின்னறையை எனக்காகக் காலி செய்து வைத்திருப்பதாகவும், மூன்றாம் மாடியில் ஒண்டியாக உட்கார்ந்து நான் என்ன சாதிக்கிறேன் என்று விளங்கவில்லை என்றும், வருகிறேன் அல்லது வரவில்லை என ஒரு வார்த்தை எழுதினால் போதும், இல்லையெனில் அறையை வாடகைக்கு விட உத்தேசம் என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரு வார்த்தையில் பதில் எழுதும் பழக்கம் எனக்கில்லை. பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்போடு வழியனுப்பிவிட்டாலும், ஓட்டலின் தொலைபேசி இணைப்பகத்தில் அமர்ந்து, ஓர் அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவே அகராதியை முதலிலிருந்து கடைசிவரை படித்து முடித்தவள் நான். படித்த சொற்களையெல்லாம் வேறு எங்கே செலவழிப்பது? ஆகவே முடிவைக் கடைசியில் தெரிவிக்கிறேன். அதற்குமுன் தாமதத்தின் காரணத்தை விளக்குவது என் கடமை. காரணம் தாங்களே.

சென்றமுறை வந்திருந்தபோது என் கைப்பேசியை வாங்கி, ஏல நிறுவனம் ஒன்றின் இணையதளத்தைத் திறந்து, என் பேரில் கணக்கும் தொடங்கி, "இதுல பழைய சாமானெல்லாம் ஏலம் போகும்க்கா. சும்மா பாத்துக்கிட்டே இரு, பொழுது போயிடும்" என்று சொல்லிவிட்டு, பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியைப் பிடிக்க ஓடினீர்கள். அங்கே எனக்குப் புனைபெயராக "இணைப்பகம்" என்று போட்டுவிட்டதற்கு நன்றி. பொருத்தமான பெயர்தான். சும்மா பார்த்துக்கொண்டிரு என்றீர்கள், நானும் பார்த்தேன். ஓவியங்கள், நாணயங்கள், தந்தப்பிடி வைத்த கைத்தடிகள் என்று ராஜாக்கள் வாங்கவேண்டியவை எல்லாம் போய்க்கொண்டிருந்தன. கடைக்கோடியில் ஒரு பிரிவு, "ஜோடி தவறியவை" என்று. ஒற்றைக் காதணி, தட்டில்லாத கோப்பை, மூடியில்லாத கெண்டி. அங்கேதான் சாப்பாட்டு மேசையில் வைக்கும் உப்புச் சிமிழ்களும் மிளகுச் சிமிழ்களும் தத்தம் துணையை இழந்து வரிசையாக நின்றுகொண்டிருந்தன. எனக்கு நம் அம்மாவின் ஜோடி வாத்துச் சிமிழ்கள் நினைவுக்கு வந்துவிட்டன. பாகம் பிரித்தபோது உப்பு வாத்தை நான் எடுத்துக்கொண்டேன், மிளகு வாத்தைத் தாங்கள் எடுத்துக்கொண்டீர்கள். என்னுடையது இன்றுவரை கழுத்தைத் திருப்பியபடியே, பக்கத்தில் எதுவும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத்தான் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டால் தங்கள் துணைவியார் தவறாக எடுத்துக்கொள்வாரோ என்று பேசாமல் ரசத்தில் உப்பு கம்மி என்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

போகட்டும். ஒரு மிளகுக் குருவிக்கு விலை கேட்டேன். பொத்தானை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போனால் கைப்பேசி அதிர்ந்தது. "உங்களை ஒருவர் மிஞ்சிவிட்டார்" என்று செய்தி. அந்த மாதம் முழுவதும் என்னைத் தேடி வந்த முதல் வாக்கியம் அதுதான். "தகவலுக்கு நன்றி, தங்கள் பணி சிறக்க வாழ்த்துகிறேன்" என்று பதில் அனுப்பினேன். இது தானியங்கிச் செய்தி, பதில் அனுப்ப வேண்டாம் என்று உடனே வந்தது. பதில் அனுப்ப வேண்டாம் என்பதற்குத்தான் எவ்வளவு விரைவான பதில் பாருங்கள்! மிஞ்சியவர் யாரென்று பார்த்தால் "மழைக்கோட்டு" என்று ஒரு புனைபெயர். ஆணா பெண்ணா தெரியாது. ஆகவே அன்னார் என்று குறிப்பிடுகிறேன். நான் இருப்பதிலேயே சிறிய படியாக விலையை ஒரு படி ஏற்றினேன். அன்னாரும் ஒரு படி ஏற்றினார். நான் ஏற்ற, அன்னார் ஏற்ற, சாதம் குழைந்து போனதே தவிர எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. கடைசியில் அன்னார் விட்டுக்கொடுத்தார். குருவி எனக்கு வந்தது. அடுத்த வாரம் ஒரு கத்தரிக்காய் வந்தபோது நான் விட்டுக்கொடுத்தேன். இப்படியே எங்களுக்குள் ஒரு நாகரிகம் ஏற்பட்டது. பறவை என்றால் எனக்கு, காய்கறி என்றால் அன்னாருக்கு. ஆனாலும் சும்மா விட்டுவிடக்கூடாது. நாலைந்து படி போட்டி போட்டபிறகே விட வேண்டும். அதுதான் மரியாதை. விருந்தாளி கிளம்புகிறேன் என்றால் இன்னும் கொஞ்சம் இருங்களேன் என்று சொல்வதில்லையா, அதுபோல.

அங்கே ஒரு குறை. விலை கேட்பவர்கள் ஒருவரோடொருவர் பேச வழியில்லை. விற்பவரிடம் மட்டும் பொருளின் கீழே உள்ள பெட்டியில் கேள்வி கேட்கலாம். ஆகவே நாங்கள் விலையால் மட்டுமே பேசிக்கொண்டோம். நாள் முழுக்க ஊரார் பேச்சை இணைத்துக்கொடுத்துவிட்டு நடுவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

இந்நிலையில்தான் அந்தத் தக்காளி வந்தது. சிவப்புப் பீங்கான், தலையில் பச்சைக் காம்பு, காம்பைச் சுற்றி உப்புக்குத் துளைகள். அன்னாருக்கென்றே அளவெடுத்துச் செய்தமாதிரி இருந்தது. வழக்கம்போல நாலு படி விளையாடிவிட்டு ஒதுங்கலாம் என்று ஒரு விலை கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். கைப்பேசி அதிரவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. தக்காளி எனக்கே விழுந்துவிட்டது. சரி, வேலையாக இருந்திருப்பார், நாம் வாங்கி வைத்திருப்போம் என்று எண்ணினேன். அடுத்து ஒரு மக்காச்சோளம். அன்னார் வரவில்லை. வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்களே என்று அதையும் எடுத்துவைத்தேன். பிறகு பூசணி, முள்ளங்கி, ஒரு பச்சைமிளகாய். எனக்குக் காய்கறிச் சிமிழ் பிடிக்கவே பிடிக்காது, தெரியுமா? பறவையாவது ஒரு முகம் வைத்திருக்கிறது. முள்ளங்கியிடம் என்னத்தைப் பேசுவது?

பார்சல் கொண்டுவருபவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "என்னம்மா, இன்னைக்கு என்ன காய்?" என்றார்.

"முள்ளங்கி."

"கீழ மார்க்கெட்ல கிடைக்காததா? மூணு மாடி ஏத்துறீங்களே என்னைய!"

"இது வேறொருவருக்காக வாங்கியது."

"அப்ப அவரு வீட்டுக்கே அனுப்பச் சொல்றதுதானே?"

முகவரி தெரிந்தால்தானே! தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, அலமாரியைப் பார்த்தார். "தக்காளி நல்லாருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று என்னிடம் பேசியவர் அவர் ஒருவரே.

பொறுக்கமுடியாமல் ஏல நிறுவனத்துக்கே தொலைபேசியில் பேசினேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று இழுத்தடித்து, நடுவில் ஒரு பாட்டையும் போட்டுவிட்டார்கள். எங்கள் இணைப்பகத்தில் அப்படிக் காக்கவைத்திருந்தால் மேலாளர் என்னைத் தோலுரித்திருப்பார். ஒருவழியாக ஒரு பெண் வந்தாள்.

"சொல்லுங்க மேடம், பொருள் உடைஞ்சு வந்துச்சா?"

"பொருளுக்கு ஒரு குறையும் இல்லையம்மா. மழைக்கோட்டு என்ற பெயரில் விலை கேட்பவர் சில வாரங்களாகக் காணப்படவில்லை. அன்னார் நலமா என்று மட்டும் அறிய விழைகிறேன்."

"அடுத்தவங்க விவரம் நாங்க குடுக்கக்கூடாது மேடம்."

"விவரம் வேண்டாம். இருக்கிறாரா என்று சொன்னால் போதும்."

"கணக்கு இருக்கு மேடம்."

"ஆள்?"

ஏதோ தட்டச்சு செய்து பார்த்தாள். "அதெல்லாம் இங்க காட்டாது மேடம். வேற எதாவது உதவி?" என்றாள். பாவம், நல்ல குரல்.

அதன்பிறகு நான் செய்ததைப் படித்துத் தாங்கள் கோபிக்கக்கூடாது. என்னிடம் அன்னார் பேச வேண்டுமானால் நான் விற்பவளாக இருந்தாக வேண்டும். ஆகவே அம்மாவின் உப்பு வாத்தை ஏலத்துக்கு வைத்தேன். மற்றவற்றை வைத்திருக்கலாமே என்று கேட்பாய். அவையெல்லாம் அந்தத் தளத்திலேயே வாங்கியவை, அன்னார் பார்த்தவை. பார்த்ததையே காட்டி யாரையாவது கூப்பிட முடியுமாடா? ஜன்னலோரம் வைத்துப் படமெடுத்து, "குடும்ப வழிவந்தது. பழுதற்றது. உப்பு சீராக விழும். கழுத்து இடப்புறம் திரும்பியிருப்பது உற்பத்திக் குறையன்று" என்று எழுதினேன். யாரும் வரவில்லை. ஒருவர்கூட விலை கேட்கவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறேன். பார்வையாளர் ஒருவர் என்று காட்டியது. சந்தோஷப்பட்டேன். அது நான்தான் என்று பிறகு புரிந்தது.

ஆகவே, அன்னார் இனி வரப்போவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். எதிர்த்து விலை கேட்க ஓர் ஆள்கூட இல்லாத வீட்டில் நான் எதற்காக இருக்க வேண்டும்? நாளையுடன் ஏலக்கெடு முடிகிறது, வாத்து என்னிடமே திரும்பிவிடும். தங்கள் பின்னறைக்கு வர இதன்மூலம் என் முழுமனதான சம்மதத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். பறவைகளையும் காய்கறிகளையும் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். அறையில் ஓர் அலமாரி மட்டும் இருந்தால் போதும். சமையலில் தலையிடமாட்டேன். உப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தினருக்கும் எல்லா நலன்களும் குறைவின்றிச் சேர வாழ்த்தி, தங்கள் துணைவியாருக்கு என் அன்பையும் குழந்தைகளுக்கு என் முத்தங்களையும் தெரிவித்து, இம்மடலை நிறைவு செய்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் மூத்த சகோதரி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது கைப்பேசி அதிர்ந்தது. வாத்தின் கீழே உள்ள பெட்டியில் ஒரு கேள்வி. மழைக்கோட்டு! அப்படியே எழுதுகிறேன்: "ஆஸ்பத்திரியில இருந்தேங்க. போன் இப்பதான் கைக்கு வந்துச்சு. என் தக்காளியை எடுத்தது நீங்கதானா? போகட்டும். இந்த வாத்து யாரைத் திரும்பிப் பாக்குது? அது இன்னும் இருக்கா?" மேலே எழுதியவை அனைத்தையும் ரத்து செய்கிறேன். நான் வரவில்லை. அறையை வாடகைக்கு விட்டுவிடு. தக்காளியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். வாத்தையும் விற்கப்போவதில்லை, ஏலத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். ஆனால் கேள்விப்பெட்டி இன்னும் திறந்துதான் இருக்கிறது. அன்னார் அங்கே காத்திருக்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை. தம்பி, மிளகு வாத்து உன்னிடம் இருக்கிறதா? உடைந்திருந்தாலும் சொல், நான் கோபப்படமாட்டேன். இந்தக் கடிதம் கிடைத்தவுடன் பதில் எழுது.