கூடத்தில் ஓடும் பஸ்

மரியாதைக்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. நலம் என்று எழுதிக் கை பழகிவிட்டது, அதனால் நலம். அங்கே எல்லோரும் நிஜமாகவே நலமாக இருக்க வேண்டுகிறேன்.

வயதான காலத்தில் வீட்டுக்குள் விசில் ஊதிக் கூத்தடிக்கிறீர்களாமே என்று கேட்டிருந்தீர்கள். கீழ்வீட்டுக்காரர் போன் போட்டிருப்பார். உங்கள் தங்கைக்கு நினைவு தப்பியதிலிருந்து பொழுது சாய்ந்தால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "வீட்டுக்குப் போகணும், அவரு தேடுவாரு" என்பாள். இதுதான் வீடு, நான்தான் அவரு என்று சொன்னால் அலறுவாள். ஒரு நாள் தெருமுனை வரை ஓடி, யாரோ கிழவன் துரத்துகிறான் என்று காய்கறிக்கடைக்காரரிடம் முறையிட, அவர் எடைக்கல்லோடு என் மேல் பாய்ந்தார். கல்யாண ஆல்பத்தைக் காட்டித்தான் உயிர் தப்பினேன். அதைப் பார்த்து அவள், "மாப்பிள்ளை நல்லா இருக்காரே, யாரு?" என்று கேட்டாள். அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அப்போதுதான் விசில் வந்தான். பணிக்காலம் முழுக்க நான் ஓட்டிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். நான் டீயை வாயில் வைக்கும் நேரம் பார்த்து ஊதுவான், அதனால் அந்தப் பெயர். வாசலில் அவள் நிற்பதைப் பார்த்தான், கூடத்து நாற்காலிகளைப் பார்த்தான், மளமளவென்று இரண்டிரண்டாகப் போட்டான். "ஏறும்மா, வண்டி கிளம்பப் போகுது!" அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நாள்காட்டித் தாளைக் கிழித்து டிக்கெட் கொடுத்தான். என் கையில் ஸ்டியரிங்காக அண்டா மூடியைத் திணித்து, சுவரைப் பார்த்து முன்னால் உட்கார வைத்தான். கொஞ்ச நேரம் ஊரைச் சுற்றிவிட்டு, "வீடு வந்துருச்சு, பார்த்து இறங்கும்மா" என்றான். இறங்கினாள். அதே கூடம்தான். "அப்பாடா" என்று பையை வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

அன்றிலிருந்து தினமும் பஸ் ஓடுகிறது. விசில் சத்தத்துக்குச் சண்டை போட வந்த கீழ்வீட்டுக்காரரை, "படியில நிக்காதீங்க சார், உள்ள போங்க" என்று அதட்டினான். மனிதர் மிரண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, கடைசி வரை பயணம் செய்துவிட்டுத்தான் போனார். உங்களிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டாரே!

எனக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் விசிலிடம் கணவனைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவாள். முன்கோபியாம், ஆனால் தலைவலி என்றால் விடிய விடியத் தைலம் தேய்ப்பானாம். நான் திரும்பிப் பார்க்கப் போனால் விசில் விட மாட்டான். "ஓட்டுறவன் ரோட்டைப் பாருடா." அதிகாரம் பண்ணுகிறானே என்று எரிச்சலாக இருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன் அழுதாலும் யாருக்கும் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. கூடப் பிறந்தவன்கூட எனக்கு இப்படி யோசித்திருக்க மாட்டான். இதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள், தலைகால் தெரியாமல் ஆடுவான்.

ஆனாலும் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விசிலுக்கே இப்போது மூச்சு வாங்குகிறது. எத்தனை நாளைக்கு? அவளுக்குக் காப்பகத்தில் இடம் பார்த்துவிட்டேன் என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வாருங்கள். அவள் துணிமணிகளை மடித்து வைத்துவிட்டேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: இதை உறையில் போடப்போகும்போது பஸ் நேரம் வந்துவிட்டது. இன்றைக்கு உங்கள் தங்கை இறங்காமல் நின்று விசிலிடம் கேட்டாள்: "இந்த டிரைவருக்கு வீடு வாசல் இல்லையா? தினமும் எல்லாரையும் இறக்கி விடுறாரு, அவரு எங்கயுமே இறங்க மாட்டேங்கிறாரே. எங்க வீட்ல ஒரு வாய் சாப்பிட்டுப் போகச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் நினைக்க மாட்டாரு, அவரும் டிரைவர்தான்." விசில் என் கையிலிருந்து அண்டா மூடியை வாங்கிக்கொண்டான். நான் இறங்கினேன். அவளே தட்டு வைத்தாள். "கூச்சப்படாம சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டேன். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் வண்டி கொண்டுவர வேண்டாம்.