அப்பாவுக்கு நான் பார்த்த மூச்சு மாஸ்டர்

தீபாவளிக்கு ஒரு சுடிதார் எடுக்கப் போனால் விருத்தாசலம் கடைவீதியில் ஒரு கடை பாக்கி விடமாட்டேன். துணியைக் கசக்கிப் பார்ப்பேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், சாயம் போகுமா என்று மூன்று பேரிடம் கேட்பேன். (என்னைக் கண்டாலே கடைக்காரர்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள் என்பது அம்மாவின் குற்றச்சாட்டு.) அப்படிப்பட்ட நான், பெற்ற அப்பாவுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தர ஆள் தேடியபோது தாடியையும் குரலையும் மட்டும் பார்த்து ஒருவரை முடிவு செய்தேன்.

அப்பா செராமிக் கம்பெனியில் மாவு அரைக்கும் மில்லில் வேலை பார்த்தவர். கல்லையும் மண்ணையும் கொட்டி அரைக்கிற இடம். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம், காது மடல், மூக்குமுடி எல்லாம் வெள்ளையாக இருக்கும். வேலையை விட்டு நின்ற பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படி ஏறினால் வாங்கியது, பிறகு தெருமுனை வரை நடந்தால் வாங்கியது, கடைசியில் கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போடவேண்டி வந்தது. அவரோடு மில்லில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சாவுக்கும் போய்விட்டு வந்து அப்பா அந்த நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆஸ்பத்திரி என்று பேச்செடுத்தால் மட்டும் அவருக்கு எங்கிருந்தோ மூச்சு வந்துவிடும்.

"நெஞ்சப் படம் புடிக்கப் போனவன் எவன் பொழச்சான், சொல்லு பாப்பா. படம் புடிச்சாத்தான் அது வியாதி. புடிக்காத வரைக்கும் வெறும் சளிதான்."

அப்போது நான் சென்னை கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற எண்ணம். போனில் தேடினால் மூச்சுப் பயிற்சியாளர்கள் வரிசையாக வந்தார்கள். அவர்களில் பல வகை உண்டு என்பது இப்போது தெரியும். பாடுகிறவர்களுக்கு ஒருவர், நீச்சல் அடிக்கிறவர்களுக்கு ஒருவர், தூக்கம் வராதவர்களுக்கு ஒருவர், பிரசவத்துக்கு ஒருவர். நான் பிடித்தவர், ஆபீஸில் டென்ஷன் ஆகிற இளவட்டங்களுக்கானவர். நெஞ்சு வரை தாடி. குளத்துக்குள்ளிருந்து பேசுவது போன்ற குரல்.

"சார், எங்க அப்பாவுக்கு இது ஒத்துவருமா?" என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"மூச்சு எல்லா உயிருக்கும் ஒன்றுதானே அம்மா" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்பாவுக்கு என்ன வயசு, என்ன வேலை பார்த்தார், நெஞ்சில் என்ன கோளாறு, எதையும் அவர் கேட்கவில்லை. அவர் கேட்காதது எனக்கும் உறைக்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன்.

"டாக்டர் இல்லல்ல?"

"இல்லப்பா. போன்லதான் வருவாரு."

"ஊசி போடமாட்டாருல்ல? அப்ப சரி, வரச்சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வகுப்பு. அப்பாவைக் கூடத்தில் தரையில் படுக்க வைக்கச் சொன்னார் மாஸ்டர். கீழே வெள்ளை வேட்டி விரிக்க வேண்டும். தலை தெற்கே இருக்க வேண்டும், பூமியின் காந்தத்துக்காக. மனம் குவிய தலைமாட்டில் ஒரு விளக்கு. காற்று வர வாசல் கதவு திறந்திருக்க வேண்டும். வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. எல்லாம் செய்தேன்.

அதன் பிறகுதான் முக்கியமான விஷயத்துக்கு வந்தார். மனிதனுக்கு வரும் வியாதியெல்லாம் வாயால் மூச்சு விடுவதால்தான் வருகிறதாம். அதனால் உதட்டின் மேல் டேப் ஒட்டச் சொன்னார். அப்பாவின் மீசையில் டேப் நிற்கவில்லை. "பரவாயில்லை, ஒரு துணியால் தாடையிலிருந்து உச்சந்தலைக்குக் கட்டிவிடுங்கள்" என்றார். அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு நீளத் துண்டு கிழித்துத் தாடையைச் சுற்றி இறுக்கி, உச்சியில் முடிச்சுப் போட்டேன். கையை நெஞ்சின் மேல் கோத்து வைக்கச் சொன்னார், வைத்தேன்.

அம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள், "ஏண்டி, பாக்க என்னமோ மாதிரி இருக்குதுடி."

"நீ சும்மா இரும்மா. ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

அம்மா சும்மா இருந்தாள். அவளுக்கு அன்று சளி வேறு. இருமல் வந்து மாஸ்டரின் அமைதியைக் கெடுத்துவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, அடக்கி அடக்கிக் கண்ணில் நீர் வழிய, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இந்தக் கோலத்தில்தான் பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி அக்கா பூசை முடிந்து கோயிலிலிருந்து திரும்பும்போது எங்கள் வாசலைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்து, அப்புறம் வா என்று கையை ஆட்டினாள். அக்கா அங்கேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி போய்விட்டார். வழக்கமாக அரைமணி நேரம் பேசாமல் நகராதவர் இன்று பேசாமல் போகிறாரே, நம் அமைதியைப் புரிந்துகொண்டாரே என்று நான் மெச்சிக்கொண்டேன்.

இதற்குள் அப்பாவின் மூக்கு விடைக்க ஆரம்பித்திருந்தது. நெஞ்சு எக்கி எக்கி எழுந்தது. கை தாடைத் துணியை நோக்கிப் போயிற்று.

"சார், அப்பா தவிக்கிற மாதிரி இருக்குது."

"உடம்பு எதிர்க்கும் அம்மா. நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது."

நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து மறுபடியும் நெஞ்சின் மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மகள் படித்தவள், தெரியாமலா செய்வாள் என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடியும் மூடிக்கொண்டார். (இந்த இடத்தை எழுதும்போது சிரிப்பு வரவில்லை. சிரிக்கத்தான் ஆரம்பித்தேன் என்பதால் மேலே போகிறேன்.)

அப்போது தெருவில் ஒப்பாரி கேட்டது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். ஆரோக்கியமேரி அக்கா போன் போட்டிருக்கிறார்.

"எங்கண்ணா, என்ன வுட்டுட்டுப் போயிட்டியே. இனிமே எனக்குப் பொறந்த வூடுன்னு எது இருக்குது? கால்ல செருப்பில்லன்னு ஒன் செருப்பக் கழட்டிக் குடுத்துட்டு வெயில்ல நடந்தியே அண்ணா."

அழுதபடியே அப்பா மேல் விழுந்தாள். கடைசியாக ஒரு தரம் முகத்தை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று கட்டைப் பிடித்து இழுத்து அவிழ்த்தாள். அப்பா வாயைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தார் பாருங்கள், அந்தச் சத்தம் கேட்டு வாசலில் கூடியிருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். உதடு நீலமாக இருந்தது.

அத்தையின் ஒப்பாரி பாதியில் நின்றது. எழுந்து வந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

போனிலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது: "அற்புதம். உள்ளே தேங்கிய உணர்ச்சிகள் வெளியேறுகின்றன."

அத்தை ஆட்டோவைக் கூப்பிட்டாள். அப்பாவுக்கு மறுக்கக்கூட மூச்சில்லை. ஆட்டோ கிளம்பும் நேரத்தில், கடைவீதிக்கு வந்திருந்த ஸ்ரீமுஷ்ணம் மாமா சேதி கேட்டுப் பைக்கில் வந்து இறங்கினார், கையில் ஆளுயர மாலை. என்ன, ஏது என்று கேட்காமல் அவரும் ஏறிக்கொண்டார். அவசரப் பிரிவில் நர்ஸ் அப்பாவையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் உயிரு இருக்குதுங்க" என்றார் மாமா, மாலையைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

படம் பிடித்தார்கள். வியாதிக்குப் பெயர் வந்துவிட்டது. அத்தனை வருடத்து மாவு நெஞ்சில் கல்லாக இறங்கியிருந்தது. இனி கரையாது, இருப்பதை வைத்துக்கொண்டுதான் ஓட்டவேண்டும் என்றார் டாக்டர். மூச்சுப் பயிற்சி சொல்லித்தர அங்கேயே ஒரு பெண் இருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, நீங்க என்ன வேல பாத்தீங்க?" எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இழுக்கறதப் பத்திக் கவலப்படாதீங்க. உதட்டக் குவிச்சு, சூடான டீய ஊதுற மாதிரி மெதுவா வெளிய வுடுங்க" என்றார் அவர். வாயால்தான். அப்பா ஊதினார். அன்றிரவு உட்கார்ந்தபடியாவது தூங்கினார்.

அதன் பிறகு கொஞ்ச காலம் ஊதிக்கொண்டே இருந்தார். அத்தை வந்தால், "அந்தச் செருப்புக் கதைய இன்னொரு தரம் சொல்லி அழு, கேப்போம்" என்பார். "உயிரோட இருக்கறவனுக்கெல்லாம் அழ முடியாது போ" என்பாள் அத்தை. இரண்டு பேரும் சிரிப்பார்கள். அப்பாவுக்கு அந்தச் சிரிப்பே இளைக்கும்.

போன மாசியில் நிஜமாகவே போய்விட்டார். குளிப்பாட்டிக் கிடத்திய பிறகு, சடங்கு செய்ய வந்த பெரியவர் தாடையைக் கட்டத் துணி கேட்டார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டாதீங்க. எங்கண்ணன் மூச்சு வுடட்டும்."

அப்பா வாயைக் கொஞ்சம் திறந்தபடியேதான் போனார்.

இப்போது கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னைக் காட்டி, "அப்பனுக்கு ரெண்டு தடவ எழவு கூட்டுன பொண்ணு இதுதான்" என்று அறிமுகம் செய்கிறார்கள். பந்தியே சிரிக்கிறது. முதல் தடவைதாங்க நான் கூட்டியது, இரண்டாவதைக் கூட்டியது அந்த மில்லு என்று சொல்ல வாய் வரை வரும். சாப்பிடுகிற இடமாயிற்றே என்று நானும் சேர்ந்து சிரித்துவிடுகிறேன்.