குழாயில் வளராத பேரப்பிள்ளை

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு, உங்கள் மருமகளின் அப்பா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகளும் நலம். மாப்பிள்ளையும் கப்பலில் நலம்தான் என்றார், அலைதான் அதிகமாம். உங்கள் இடுப்பு எலும்பும் நலமாகிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். தயவுசெய்து படுக்கையை விட்டு அசையாதீர்கள்.

நீங்கள் வழுக்கி விழுந்ததால்தான் தாயில்லாத பெண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானோ ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே வயதானவன். பக்கத்து இருக்கையில் என் காலடியில் எனக்கென்று ஒரு பிரேக் இருந்தால்தான் மூச்சே வரும். இந்த விஷயத்தில் அது இல்லை. டாக்டரம்மா விளக்க விளக்க நான் தரையை மிதித்துக்கொண்டே இருந்தேன். "கால் வலிக்குதாங்க?" என்று கேட்டுவிட்டார். அவர் சொன்னது இதுதான்: மாத்திரை கொடுத்து நாள் பார்த்துக் காத்திருப்பது ஒரு வழி. கணவனுடையதைச் சுத்தம் செய்து நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது இன்னொரு வழி. மூன்றாவதுதான் முட்டையை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் கரு உண்டாக்கி, திரும்ப உள்ளே வைப்பது. நம் பிள்ளைகளுக்கு முதல் இரண்டும் ஒத்துவராதாம். மாப்பிள்ளை கப்பலேறும் முன் கொடுத்துவிட்டுப் போனதை உறைய வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதில்... எண்ணிக்கை குறைவு... சம்பந்தி அம்மாவுக்கு இதை எப்படி எழுதுவது? உங்களுக்கே தெரியும். ஆகவே நல்லதாக ஒன்றே ஒன்றைப் பொறுக்கி ஊசியால் முட்டைக்குள் செலுத்துவார்களாம். நான் ஆய்வகப் பெண்ணிடம், "குழாய்க்குள்ள பிள்ளைக்கு இடம் பத்துமாம்மா?" என்று கேட்டேன். "குழாயே கிடையாதுங்க. சின்னத் தட்டுதான். அதுவும் அஞ்சாறு நாள். அப்புறம் அம்மா வயிறுதான்" என்றாள். சிரிக்காமல் சொன்னதற்கு அவள் நன்றாக இருக்க வேண்டும்.

செலவைக் கேட்டால் அது ஒரே தொகை இல்லை அம்மா. ஊசி மருந்து தனி, முட்டை எடுப்பது தனி, ஆய்வகம் தனி, மீதிக் கருவை உறைய வைத்தால் அதற்கு வருட வாடகை தனி. பிறக்கும் முன்பே தனி வீட்டில் வாடகைக்கு இருக்கும் முதல் வாரிசு நம் குடும்பத்தில்தான் இருக்கும். இவ்வளவும் கட்டினால் நிச்சயமா என்றேன். "நிச்சயம்னு சொல்றவங்களை நம்பாதீங்க" என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை நம்பினேன்.

பிறகு வயிற்றில் ஊசி போடும் படலம். நான் போடுகிறேன் என்று வீராப்பாகச் சொல்லி சோபாத் திண்டில் குத்திக் குத்திப் பழகினேன். திண்டு நனைந்ததுதான் மிச்சம். மகளிடம் வந்தபோது மூடியைக் கழற்றாமலே ஊசியை நீட்டினேன். "அப்பா, நீங்க வண்டியை விட்டு இறங்குங்க" என்று ஊசியைப் பிடுங்கித் தானே போட்டுக்கொண்டாள். நான் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

முதல் தடவை கரு நிற்கவில்லை. மகள் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே நான் சிக்னல் வேலை செய்யாத முச்சந்தியில் நிற்பவன் மாதிரி நின்றேன். அப்போதுதான் நீங்கள் போன் செய்தீர்கள். நான் ஸ்பீக்கரில் போட்டதை உங்களிடம் சொல்லவில்லை. "எம் பையனுக்காகத்தானே அந்தப் பொண்ணு உடம்பெல்லாம் ஊசி குத்திக்கிறா. இன்னொரு தடவை வேணுமான்னு அவ சொல்லட்டும். வேணாம்னாலும் அவ எனக்கு மகதான், போங்க" என்றீர்கள். தாழ்ப்பாள் திறந்தது. முகம் கழுவிக்கொண்டு வந்து, "பசிக்குதுப்பா" என்றாள்.

அதற்கு முன்னால் நடந்ததும் என் காதுக்கு வந்தது. சொந்தக்காரர்கள் நடுவில் உங்கள் அக்கா, "மருமகளுக்கு இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்று இழுத்தபோது, "குறை எம் பையன்கிட்டக்கா. டாக்டர் சொல்லிட்டாங்க. டீ ஆறுது, குடி" என்றீர்களாம். பெற்ற பிள்ளையின் குறையைச் சபையில் சொல்லி அடுத்த வீட்டுப் பெண்ணின் தலையை நிமிர்த்த யாருக்கு மனசு வரும்? அன்றிலிருந்து உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். போனில் வாய் வருவதில்லை. மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

மறுபடி போகலாம் என்று அவளாகவே சொன்னாள். உறைய வைத்திருந்த கருவை உள்ளே வைத்தார்கள். நேற்று ஸ்கேன் திரையில் ஒரு புள்ளி துடித்தது. சத்தத்தையும் கேட்க வைத்தார்கள். நான் டாக்டரம்மாவிடம், "வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சும்மா" என்று சொல்லி, மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நீங்கள் நோய் நொடி இல்லாமல் நெடுங்காலம் இருந்து, இந்தப் பிள்ளை உங்கள் மூக்குக்கண்ணாடியை உடைக்கும் நாளைப் பார்க்க வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அழைப்பு மணி அடித்தது. திறந்தால் ஊன்றுகோலோடு நீங்கள்! இப்போது கூடத்தில் மகளின் சிரிப்பும் உங்கள் அதட்டலும் கேட்கின்றன. பிரசவம் வரை இங்கேதான் என்கிறீர்கள், எனவே இதை உங்கள் வீட்டு விலாசத்துக்குப் போட்டும் பயனில்லை. நேரிலேயே சொல்லிவிடுகிறேன். வாய் வராவிட்டால், "ஃபேனைக் கூட்டி வைக்கட்டுமா?" என்று கேட்பேன். மேலே எழுதிய அத்தனையும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது அம்மா.