'பழசு' என்று ஒரு சீட்டு

"ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது அத்தான்" என்று மச்சினன் சொன்னதும் காதுக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது.

அவருக்கு ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் வேலை. ஆளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, 'சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்கள்' என்பார். இருபது வருடமாக ஊரில் பாதிப் பேருடைய காதுக்குச் சான்றிதழ் கொடுத்தவர். மச்சினனோ பஸ் டிரைவர். போன மாதம்தான் அதே அறையில் உட்கார்ந்து, வராத சத்தத்துக்கெல்லாம் பொத்தானை அமுக்கிவிட்டுப் போனான். அவன் சொல்கிறான், ரெண்டும் ஒன்றாம்!

சோபாவில் இரண்டு பன்னிரண்டு கம்பி கிட்டார்கள் மல்லாந்து கிடந்தன. ஒன்றுக்கு ஐம்பது வயது. மற்றது, அதே கம்பெனி போன வருடம் அதைப் பார்த்து அச்சு அசலாகச் செய்தது. மஞ்சளேறிய வார்னிஷும் உள்ளே ஒட்டிய காகிதமும்கூட மாறவில்லை. பழையதை வைத்திருந்த புண்ணியவான் அதில் ஒரு கீறல் விழவிட்டதில்லை. இரண்டின் கழுத்திலும் சின்னதாக ஒரு சீட்டு மட்டும் இருந்தது. ஒன்றில் 'பழசு', இன்னொன்றில் 'புதுசு'.

காதுக்காரர் இப்படி ஒரு பழைய கிட்டாருக்காகத்தான் இருபது வருடம் ஏங்கியிருந்தார். இரண்டையும் இரண்டு நாள் வீட்டில் வைத்து வாசித்துப் பார்க்கலாம் என்று கிட்டார் கடையில் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கடையின் ரிப்பேர்காரர் வருவார், வேண்டாததை எடுத்துப்போவார். அதை வாங்க வேறொருவர் ஏற்கெனவே காத்திருந்தார்.

காரில் ஏற்றும்போதே ரிப்பேர்காரர், "சார், அந்தச் சீட்டு..." என்று ஆரம்பித்தார்.

"சீட்டைப் பாத்துத்தான் நான் தெரிஞ்சுக்கணுமா? என் காது என்ன வேலைக்கு இருக்கு?" என்று காதுக்காரர் அவர் வாயை அடைத்துவிட்டார்.

இப்போது சனிக்கிழமை, மணி மூன்று. காதுக்காரர் 'பழசை' மடியில் வைத்துக் கம்பிகளை ஒரு தட்டுத் தட்டினார். 

"கேளு மாப்ளே. இந்த நிதானம், இந்தக் கனிவு! அம்பது வருஷம் ஊறின மரம்!"

"கொஞ்சம் மந்தமா இல்ல?"

"மந்தமா? அதுக்குப் பேரு பக்குவம்!"

அடுத்து 'புதுசை' எடுத்துத் தட்டினார். கணீரென்று வீடு முழுக்கப் பரவியது.

"எனக்கு இதான் புடிச்சிருக்கு. கணீர்னு இருக்கு."

"கணீர்னு இருக்க இது என்ன உன் பஸ்ஸு ஹாரனா?"

தையல் மெஷினை நிறுத்திவிட்டு மனைவி எட்டிப் பார்த்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. "ஆறு கம்பியில வராததெல்லாம் பன்னெண்டுல வந்துடுமாக்கும். எதுக்கு இந்தச் சண்டை? கண்ணைக் கட்டிட்டுச் சொல்லுங்க, பாப்போம்."

வெட்டுத்துணி ஒன்றால் அவளே இறுக்கிக் கட்டினாள். மச்சினன் ஒன்றைத் தட்டினான். 

"பழசு!" என்றார் காதுக்காரர், அவன் விரலை எடுப்பதற்குள்.

மனைவி சீட்டைப் பார்த்தாள். "சரிதாங்க."

"அதுல சுதி எறங்கிக் கெடக்கு அத்தான். சுதியை வெச்சே கண்டுபுடிச்சிட்டீங்க" என்றான் மச்சினன்.

காதுக்காரர் துணியைப் பிய்த்து எறிந்தார். திருட்டுப் பட்டம் கட்டுகிறானே! விறுவிறுவென்று 'பழசின்' முறுக்காணிகளைத் திருகிச் சுதி ஏற்றினார். எட்டாவது கம்பி படீரென்று அறுந்து அவர் மோவாயில் அடித்தது.

"அம்பது வருஷம் தாங்கின கம்பி! உன் வாய் பட்டு அறுந்துபோச்சு!"

"கம்பிக்குமா அம்பது வயசு?"

"பின்னே?" என்றார். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே பட்டது. ஆனால் பஸ் டிரைவரிடம் பின்வாங்க முடியுமா?

உடனே 'புதுசிலிருந்து' அதே கம்பியைக் கழற்றி, நுனியை நறுக்கி, 'பழசில்' மாட்டினார். அந்த ஒரு கம்பி மட்டும் கிண்ணென்று தனியாகக் கேட்டது.

"பாத்தியா, நேத்துப் பொறந்தது பெரியவங்க நடுவுல எப்படிக் கத்துதுன்னு!"

"சரி அத்தான். இப்ப ஒண்ணுல பன்னெண்டு கம்பி, ஒண்ணுல பதினொண்ணு. எண்ணியே சொல்லிடுவீங்களே."

காதுக்காரருக்கு முகம் சிவந்தது. கத்திய கம்பியை 'பழசிலிருந்து' உருவினார். 'புதுசில்' திரும்ப மாட்டப் பார்த்தால், நறுக்கியதில் நீளம் போதவில்லை. அதைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

"ரெண்டுலயும் பதினொண்ணு. இப்பக் கட்டு கண்ணை!"

பத்துத் தடவை தட்டினார்கள். மனைவி பக்கத்து அறைக்குப் போய்த் தட்டினாள். மச்சினன் கதவைச் சாத்திக்கொண்டு தட்டினான். பத்துக்குப் பத்து சரியாகச் சொன்னார்.

"நீங்க பெரிய ஆளுதான் அத்தான்" என்று மச்சினன் கையெடுத்துக் கும்பிட்டான். "ஆனா எனக்கு அந்தப் புதுசுதான் புடிச்சிருக்கு."

"உனக்கு வேற எது புடிக்கும்!" காதுக்காரருக்கு ஜெயித்தும் ஆத்திரம் அடங்கவில்லை. கடைக்குப் போன் போட்டார். "புதுசை எடுத்துட்டுப் போங்க. வாங்கப்போறவர்கிட்ட சொல்லிடுங்க, காது உள்ளவன் வேண்டாம்னு தள்ளினதுன்னு."

ஐந்து மணிக்கு ரிப்பேர்காரர் வந்தார். கூடவே, காத்திருந்த அந்த ஆளும் வந்திருந்தார். அவர் வாசலிலேயே 'புதுசை' வாங்கி மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். அப்படியே கண்ணை மூடி நின்றார். ஒரு கம்பி குறைந்ததைப் பற்றி வாயே திறக்காமல், கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"பாவம்" என்று காதுக்காரர் சிரித்தார். "ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வரச் சொல்லுங்க. சும்மாவே சோதிச்சு அனுப்பறேன்."

கையெழுத்துக்காகத் தாளை நீட்டிய ரிப்பேர்காரரின் பார்வை சோபாவுக்குப் போனது. "இதுலயும் ஒரு கம்பி குறையுதே சார்?"

"சுதி ஏத்தறப்ப அறுந்துடுச்சு. அம்பது வருஷமாச்சுல்ல!"

"அம்பது வருஷமா? போன வருஷத்துலேர்ந்து கடைக்கு வர்றவங்க எல்லாரும் தட்டித் தேஞ்ச கம்பி சார் அது, அறுந்துடும்னுதான் கம்பி 'பழசு'ன்னு சீட்டு ஒட்டினேன். இப்பப் போச்சே, அந்த அம்பது வருஷ கிட்டாரு, அதுக்கு முந்தாநேத்துதான் கம்பி மாத்தி 'புதுசு'ன்னு ஒட்டினேன்."