தொடக் கூடாத பெட்டி

"அண்ணா, உங்க ஃபேன் ட்ரேல ஒண்ணு குடுக்கறீங்களா? அரை மணி நேரத்துல திருப்பிக் குடுத்தர்றேனுங்க."

கேட்டவன் பக்கத்து மேஜை முகுந்த். கோயம்புத்தூர்க்காரன், போட்டிக் கம்பெனியின் இன்ஜினியர். வேதமணி தம் பெட்டிக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்து ஸீட்டைப் பிடித்து வைத்திருப்பவர்போல நின்றார்.

"தம்பி, எங்க மேனேஜர் யாரையும் தொடவே விடக் கூடாதுன்னு சொல்லிருக்காரு."

"எங்க மேனேஜரும் அதையேதானுங்க சொல்லியிருக்காரு. ஆனா பெட்டி கொதிக்குதுங்ணா. மேல தோசையே வாத்துரலாம்."

இடம், புனே விஷ்ராந்த்வாடியில் ஒரு மங்கள் காரியாலயம். ஹோட்டல் எதுவும் கிடைக்காததால் கல்யாண மண்டபத்தையே பிடித்திருந்தார்கள். முந்தைய நாள் கல்யாணத்துச் சாமந்தி மாலைகள் மேடையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே ஐந்து மேஜைகள், ஐந்து டெலிகாம் கம்பெனிகள், மேஜைக்கு ஒன்றாக ஐந்து இரும்புப் பெட்டிகள்.

வேதமணிக்கு ஆகுர்டியில் சஹ்யகிரி டெலிகாமில் வேலை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். டெலிபோன் இணைப்புகளைக் கையாளும் சஹ்யகிரியின் பழைய பெட்டி ஒரு கோட்டை. உள்ளே சொருகும் கார்டும் அவர்களுடையது, ஒயரும் அவர்களுடையது, ஸ்க்ரூகூட அவர்களுடையதுதான். அதைக் கழற்ற அவர்களே செய்த ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். ஒருமுறை வாங்கியவர் ஆயுளுக்கும் அவர்களிடமே வர வேண்டும்.

காலம் மாறியது. "பல்பு ஒரு கடையில், ஹோல்டர் இன்னொரு கடையில் வாங்குகிறோம். உங்கள் பெட்டிக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?" என்று டெலிபோன் கம்பெனிகள் கேட்க ஆரம்பித்தன. எல்லோருக்கும் பொதுவாக ஓர் அளவு, ஓர் இலக்கணம் வந்தது. யார் செய்த கார்டும் யார் செய்த பெட்டியிலும் பொருந்த வேண்டும் என்பது விதி. சஹ்யகிரியும் வேண்டா வெறுப்பாக அப்படி ஒரு பெட்டி செய்தது. செய்தவர்கள் வேதமணியும் அவர் பிரிவிலுள்ள எட்டுப் பேரும். இன்று மூன்று மணிக்குள் இந்தக் கூட்டத்தில் அதற்குச் சான்றிதழ் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் பிரிவையே மூடிவிடுவதாக மேனேஜர் ஸ்ரீநிவாசன் சொல்லிவிட்டார்.

கூட்டத்தின் விதிமுறைகள் ஸ்ரீநிவாசனுக்குத்தான் மெயிலில் வந்திருந்தன. அவர் அதன் சாரத்தைப் பிழிந்து கொடுத்தார். "இது எக்ஸிபிஷன் மாதிரி, வேதமணி. நம்ம பெட்டி ஜம்முனு ஓடணும், அவ்வளவுதான். எதிரிங்க நாலு பேர் வருவாங்க. ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட விடாதீங்க."

எக்ஸிபிஷன் என்றதால் மனைவி ஹெலினா பூவேலை செய்த வெள்ளை மேஜை விரிப்பையும், ஒரு அட்டைப்பெட்டி ஷ்ரூஸ்பரி வெண்ணெய் பிஸ்கட்டையும் கொடுத்து அனுப்பியிருந்தாள். கோர்படியிலுள்ள வீட்டில் காலையில் முழங்கால் போட்டு வேதமணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஆண்டவரே, இன்னைக்கு ஒருத்தரும் எங்க பெட்டிப் பக்கம் வராம பாத்துக்கிடும்."

மணி பத்துகூட ஆகவில்லை. முகுந்த் வந்து நிற்கிறான்.

"போன மாசந்தானுங்கண்ணா வேலைய நிரந்தரம் பண்ணுனாங்க. வீட்ல மாசமா இருக்கா. இன்னைக்கு இது நின்னுபோச்சுன்னா..."

வேதமணியின் பெட்டியில் இரண்டு ஃபேன் ட்ரே இருந்தன. ஒன்று இருந்தாலும் ஓடும். விரித்த கைகள் தாமாகவே கீழே இறங்கின.

"சீக்கிரம் கொண்டு வந்துரு தம்பி. யாரும் பாக்கதுக்குள்ள."

ட்ரே முகுந்தின் பெட்டியில் அளவெடுத்துத் தைத்ததுபோல் போய் உட்கார்ந்தது. அவன் பெட்டி குளிர்ந்து, விளக்குகள் பச்சையாயின. அடுத்த நிமிஷமே கையில் டேப்லெட்டுடன் ஒரு பெண் வந்து நின்றாள். கூட்டம் நடத்துகிறவர்களின் ஆள், பெயர் பார்கவி. பிறந்தது வளர்ந்தது எல்லாம் புனேதான்.

"அங்கிள், ஹா ட்ரே தும்ச்சா? ஓ, தமிழ்? அந்த ட்ரே உங்க கம்பெனிதா?"

"ஆமாம்மா. சும்மா... அரை மணி நேரத்துக்கு."

அவள் ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டாள். புகார்தான் எழுதுகிறாள் என்று வேதமணி நினைத்தார்.

அந்தப் பயம் தீருமுன் அவர் பெட்டி அலற ஆரம்பித்தது. இருவர் செய்த வேலையை ஒருவர் செய்தால் சத்தம் வராதா? மிஞ்சிய ஃபேன் முழு வேகத்தில் சுழன்றது. மேடையில் சாமந்தி இதழ்கள் பறந்தன. அந்த நேரம் பார்த்து ஸ்ரீநிவாசன் போன் செய்தார்.

"என்ன சத்தம் அங்க? ஏரோப்ளேன் மாதிரி?"

"லோஹேகாவ் ஏர்போர்ட் பக்கந்தான சார்."

பொய் இல்லை, பக்கந்தான். ஆனாலும் வேதமணி மனதுக்குள் உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

சூட்டைக் குறைத்தால் சத்தம் குறையும் என்று இரண்டு கார்டுகளில் ஒன்றை எடுத்துவிட முடிவு செய்தார். கைப்பிடியை இழுத்து, 'இனி என்னை எடுக்கலாம்' என்று சொல்லும் நீல விளக்கு நிலையாக எரியும்வரை காத்திருந்து, பக்குவமாக உருவி, விரிப்பின்மேல் வைத்தார். சத்தம் கொஞ்சம் அடங்கியது.

"தாதா, ஏக் கார்டு மிளேல் கா?"

ஒரு கார்டு கிடைக்குமா என்று கேட்டவர் மூன்றாவது மேஜை குல்கர்ணி மேடம். நாசிக்கிலிருந்து கார்டை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். சாலைப் பள்ளங்களில் அது உயிரை விட்டிருந்தது. மராட்டியில் ஆரம்பித்து இந்தியில் முடித்தார். முடிக்கும்போது கண் கலங்கியிருந்தது. "சும்மாத்தானே கிடக்கு" என்று காட்டினார்.

சும்மாத்தான் கிடந்தது. அதை எப்படி மறுப்பது? கார்டோடு இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினார்.

பார்கவி வந்தாள். "இது பண்... இதுவும் உங்களோடதா, அங்கிள்?"

"பிஸ்கட்டா?"

"கார்டு."

குறித்துக்கொண்டாள்.

கார்டு போன இடத்தில் ஒரு ஓட்டை. அதன் வழியே காற்றெல்லாம் வெளியே போனது. ஃபேன் முன்னைவிடக் கூச்சல் போட்டது. வேதமணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து ஓட்டையை அடைத்தார். அட்டையில் ஊறியிருந்த வெண்ணெய் சூட்டில் உருகியது. ஐந்தே நிமிஷத்தில் மண்டபம் முழுக்க பேக்கரி வாசனை. கடைசி மேஜைக்காரர்கள் டீ வந்துவிட்டது என்று நினைத்து எழுந்து வந்து, ஏமாந்து, ஆளுக்கொரு பிஸ்கட்டுடன் திரும்பினார்கள்.

அட்டை வளைந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. இருந்த இரண்டு பவர் மாட்யூல்களில் ஒன்றை அணைத்தாலாவது சூடு குறையுமா என்று வேதமணி ஒன்றை அணைத்தார்.

"பாய், வோ பந்த் ஹை க்யா?"

அணைத்த மாட்யூலைக் காட்டிக் கேட்டவர் நான்காவது மேஜை காம்ப்ளே. ஆறடி உயரம், குழந்தை முகம். அவருடைய மாட்யூல் காலையில் புகைந்துவிட்டதாம். ஊருக்குப் போன் செய்து தம் அம்மாவை வேறு வேண்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாராம்.

ஓர் அம்மாவின் வேண்டுதலுக்கு நடுவில் நிற்க வேதமணிக்குத் துணிவு வரவில்லை. மாட்யூலும் போனது. பார்கவியும் வந்து போனாள்.

மதியம் ஹெலினா போன் செய்தாள்.

"ஏங்க, சாப்ட்டீளா? பெட்டி எப்படி ஓடுது?"

"பாதி ஓடுது."

"மீதி?"

"மத்த மேஜைல ஓடுது." நடந்ததையெல்லாம் சொன்னார். "இல்லைன்னு சொல்லிருக்கணும், ஹெலினா. எட்டுப் பேர் குடும்பம் என்னை நம்பி இருக்கு."

"இல்லைன்னு சொல்லிட்டு வந்தா மட்டும் ராத்திரி தூங்கிருவீளாக்கும்? முழிச்சுக் கெடந்து என்னையும் தூங்க விட மாட்டீய. இருக்கறதை வச்சு ஓட்டுங்க. கர்த்தர் பாத்துக்கிடுவாரு. விரிப்புல கறை படாம பாத்துக்கிடுங்க."

இருக்கிறதை வைத்து ஓட்டினார். ஒரு ஃபேன், ஒரு கார்டு, ஒரு பவர், எல்லாவற்றையும் மேய்க்கும் ஒரு கன்ட்ரோல் கார்டு. முனகிக்கொண்டு ஓடியது. மூன்று மணிவரை தாக்குப்பிடித்தால் போதும்.

இரண்டே காலுக்கு ஐந்தாவது மேஜையிலிருந்து ராமநாதன் எழுந்து வந்தார்.

ராமநாதனும் ஒரு காலத்தில் சஹ்யகிரிதான். ஆறு வருஷத்துக்கு முன் நல்ல இன்ஜினியர்கள் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போனவர். போகும்போது, "உன் பெட்டிய மியூசியத்துல வைக்கலாம் வேதமணி" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனவர். தம் மேஜைக்காரர்கள் பிஸ்கட்டுக்கு வந்தபோதுகூட அவர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"வேதமணி" என்றார். பிறகு வெகுநேரம் விரிப்பின் பூவேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் கன்ட்ரோல் கார்டு போயிடுத்து. எழுந்திரிக்கவே மாட்டேங்கறது."

"என்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு, ராமநாதன்."

"தெரியும். உன்கிட்ட கேக்க எனக்கு மூஞ்சி இல்லைன்னும் தெரியும். அம்பத்தஞ்சு வயசு ஆறது. இனிமே எவன் வேலை குடுப்பான்? சும்மா கேட்டுப் பாத்தேன். பரவாயில்லை." திரும்பி நடந்தார்.

நடையில் பழைய மிடுக்கு இல்லை. செருப்பு தரையோடு தேய்ந்துகொண்டு போனது. வேதமணிக்குப் பழி தீர்ந்த சந்தோஷம் ஒரு வினாடி வந்தது. வந்த வேகத்திலேயே அது வெட்கமாகிவிட்டது.

கன்ட்ரோல் கார்டின் கைப்பிடியை இழுத்தார். நீல விளக்கு சிமிட்டியது, 'யோசித்துத்தான் செய்கிறாயா?' என்று கேட்பதுபோல் இருந்தது. பிறகு நிலையாக எரிந்தது.

"ராமநாதன்! இந்தா. பாத்துச் சொருகு, உனக்கு எப்பவும் அவசரம்."

பெட்டி மௌனமானது. காலையிலிருந்து அந்த மண்டபத்தில் அவ்வளவு அமைதி இல்லை. வேதமணி விரிப்பை உருவிப் பெட்டியின்மேல் போர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்தார். துக்க வீடு மாதிரி இருந்தது.

இரண்டே முக்காலுக்கு ஸ்ரீநிவாசன் நேரிலேயே வந்துவிட்டார்.

"எதுக்கு மூடி வச்சிருக்கீங்க? திறப்பு விழாவா?" என்று சிரித்துக்கொண்டே விரிப்பைத் தூக்கினார். உள்ளே ஓடாத ஃபேன், அநாதையாக ஒரு கார்டு, வெண்ணெய் ஊறிய அட்டை ஒரு துண்டு. அட்டையைக் கிள்ளி எடுத்து, மோந்து பார்த்தார்.

"ரெண்டு வருஷம் உட்கார்ந்து நீங்க டெவலப் பண்ணினது இதுவா?"

"ஃபேன் அங்க இருக்கு சார். கார்டு அந்த அம்மாகிட்ட. பவர் காம்ப்ளேகிட்ட. கன்ட்ரோல் கார்டு ராமநாதன்கிட்ட."

"ராமநாதன்கிட்டயா!" குரல் வாசல்வரை போய்த் திரும்பியது. "எதிரிங்களுக்கு எடுத்து எடுத்துக் குடுத்தீங்களா? ஏன்யா?"

"கேட்டாங்க சார்."

"கேட்டாங்களா? நாளைக்கு என் நாற்காலியைக் கேட்டா?"

வேதமணி நேர்மையாக யோசித்தார். "கேக்கறவருக்கு எவ்வளவு அவசியம்னு பாக்கணும் சார்."

ஸ்ரீநிவாசன் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். வேதமணி எழுந்து நின்றார்.

"சார், தப்பு என்னோடது. பசங்க எட்டுப் பேரும் ராப்பகலா உழைச்சாங்க. அவங்களை ஒண்ணும் பண்ணிராதீங்க. நான் இன்னைக்கே எழுதிக் குடுத்துட்டுப் போயிருதேன்." கண்ணைத் துடைக்க விரிப்பின் ஓரத்தை எடுத்து, ஹெலினா சொன்னது நினைவு வந்து, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஸ்ரீநிவாசன் பார்த்தார். மண்டபத்தின் நடுவில் பார்கவியைச் சுற்றி முகுந்தும் குல்கர்ணி மேடமும் காம்ப்ளேவும் ராமநாதனும் நின்றிருந்தார்கள். அவள் டேப்லெட்டைக் காட்டி ஏதோ சொன்னாள். நால்வர் முகமும் வெளுத்தது. நால்வரும் தங்கள் மேஜைகளுக்கு ஓடினார்கள். பிறகு கையில் ஆளுக்கொரு சாமானை அணைத்தபடி, பார்கவிக்குப் பின்னால் வரிசையாக, நேரே இவர்கள் மேஜையை நோக்கி வந்தார்கள்.

"வேதமணி! பெட்டியையும் தூக்கிட்டுப் போக வர்றாங்க!" ஸ்ரீநிவாசன் குதித்தெழுந்து பெட்டியைக் கட்டிக்கொண்டார்.

பார்கவி அவரைக் கொஞ்சம் வினோதமாகப் பார்த்துவிட்டு, வேதமணியிடம் தமிழைத் தேடித் தேடிச் சொன்னாள்:

"அங்கிள், இங்க சொந்தப் பெட்டிக்கு மார்க்கே கிடையாது, அடுத்தவங்க பெட்டியில ஓடினாத்தான் மார்க், நீங்க நாலுக்கு நாலு, சர்டிஃபிகேட் உங்களுக்குத்தான், இவங்க எல்லாரும் ஜீரோ, அதனால உங்க பெட்டி காலியாத்தானே இருக்கு, இவங்க சாமானுக்கும் கொஞ்சம் இடம் குடுப்பீங்களான்னு கேக்கச் சொல்றாங்க."