ஞாயிற்றுக்கிழமை சாதகம்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்று மருந்துக்கடைக்காரர் முடிவெடுத்தார். அசைக்க முடியாத முடிவு. மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முடிவு அங்கேயே முடிந்திருக்கும்.

வாரம் முழுக்க நின்றே பிழைக்கிறவர் அவர். ஊரில் உள்ள இருமலும் தும்மலும் அவருடைய கடை வாசலில்தான் வந்து வரிசை கட்டும். டாக்டர்களின் கையெழுத்தை உற்று உற்றுப் பார்த்துக் கண்கள் இடுங்கிப் போயிருந்தன. படுக்கக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். ஆனால் அவர் படுத்ததும் மனைவியின் கண்ணில் மின்விசிறித் தூசு படும். விசிறியைத் துடைத்துவிட்டு இறங்கினால் திரைச்சீலை கண்ணில் படும். திரைச்சீலையை மாட்டிவிட்டு நிமிர்ந்தால் பரண். எதுவுமே படாவிட்டால் அவர் படுவார். அதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து.

மனைவிக்குக் காது பரிசோதனை நிலையத்தில் வேலை. வந்தவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, எறும்பு இருமினது போல ஒரு ஒலியை விட்டு, "கேட்குதா?" என்று கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அதிகமாகக் கேட்கிற கேள்வி அதுதான்.

ஒருநாள் கடைக்குத் தொண்டை மாத்திரை வாங்க ஒரு தாடிக்காரர் வந்தார். மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவர். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுல வேலை சொல்ல மாட்டாங்களா?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"சாதகம் பண்றேன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டா, யாரு சார் கூப்பிடுவாங்க?"

மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரரின் கை அப்படியே நின்றது.

அடுத்த வாரம் தாடிக்காரரின் பழைய கிட்டார் ஒன்று வீட்டுக்கு வந்தது. பின்னாலேயே ஒரு புத்தம்புதுப் பெட்டியும் வந்தது. தலையணை அளவு. மேலே வரிசையாகத் திருகுகள்.

"என்ன இது?" என்றாள் மனைவி.

"மாடலிங் ஆம்ப்."

அவள் அவரை உச்சியிலிருந்து பாதம் வரை ஒருமுறை பார்த்தாள். நடுவில் தொப்பையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "மாடலிங்கா? நீங்களா?"

"நான் இல்லம்மா, இந்தப் பெட்டி. கிட்டாரை இதுல சொருகினா, பெரிய பெரிய ஆம்ப்ளிஃபையர் எல்லாம் எப்படிச் சத்தம் போடுமோ அப்படியே இது மிமிக்ரி பண்ணும்."

"இந்தத் திருகு?"

"கெயின்."

"இதை வாங்கினதுல நமக்கு என்ன கெயின்?"

அவர் அதைக் காதில் வாங்காமல் அடுத்த திருகைக் காட்டினார். "இது டிலே. இப்போ வாசிச்சதைத் தாமதமா இன்னொரு தடவை செய்யும்."

"தாமதமாச் செய்யறதுக்கு வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரே. இது?"

"லூப். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருக்கும்."

"அது என்னோட வேலை. அதையும் பிடுங்கிக்கிட்டீங்களா?"

பெட்டியைப் பேசவைப்பதற்குள் அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. முதலில் அது போனில் ஒரு செயலியைக் கேட்டது. செயலி ரகசியச் சொல்லைக் கேட்டது. கொடுத்தால், அது பலவீனமாக இருக்கிறது என்றது. சத்து மாத்திரைகளின் பெயரையெல்லாம் சேர்த்துக் கட்டி ஒரு ரகசியச் சொல் கொடுத்த பிறகுதான் உள்ளே விட்டது. கிட்டாரைச் சொருகி, ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் இல்லை. ஒலியை ஏற்றினார். இல்லை. கடைசிவரை ஏற்றினார். அப்போதும் இல்லை.

கதவோரம் நின்ற மனைவி சொன்னாள், "நீங்க சொருகியிருக்கிற ஓட்டைக்கு மேல ஹெட்ஃபோன்னு எழுதியிருக்கு."

"தெரியும். சோதிச்சுப் பார்த்தேன்."

ஒயரை உருவி, சரியான ஓட்டையில் சொருகினார். ஒலி உச்சத்தில் இருப்பதை மறந்து, தந்திகள் ஆறையும் சேர்த்து ஒரு இழு இழுத்தார். பெட்டி வந்தபோதே அதில் ஏதோ கொடூரமான உறுமலைத்தான் முதலாவதாக வைத்து அனுப்பியிருந்தார்கள். ஜன்னல் அதிர்ந்தது. அலமாரியில் இருந்த கிண்ணம் ஒன்று தானாக இறங்கி வந்தது. மருந்துக்கடைக்காரர் கட்டிலுக்கு மறுபக்கம் போய் நின்றார். எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது.

அழைப்பு மணி அடித்தது. மேல்மாடிக்காரர். நல்ல மனிதர். "சுவத்துல துளை போட்டு முடிச்சாச்சுன்னா, அந்த டிரில்லிங் மெஷினைக் கொஞ்சம் தர்றீங்களா? எனக்கும் ஒரு அலமாரி மாட்டணும்" என்றார்.

அவரை அனுப்பிவிட்டு வந்த மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இது எதுக்குங்க நமக்கு?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாதகம் பண்ணப்போறேன்."

"அது யாருக்குச் சாதகம்?"

"கலைக்கு" என்றார் அவர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி. நீங்க வாசிக்கிற சத்தம் கேட்கிறவரைக்கும் நான் கூப்பிட மாட்டேன். சத்தம் நின்னா பரண். சம்மதமா?"

சம்மதம் என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறைக்குள் போய் வாசித்துப் பார்த்தபோதுதான் ஒப்பந்தத்தின் கொடுமை உறைத்தது. வாசித்தால் தூங்க முடியாது. தூங்கினால் வாசிக்க முடியாது. விரல் நுனிகள் எரிந்தன. கட்டில் கைநீட்டிக் கூப்பிடுகிற தூரத்தில் இருந்தது. பரணே தேவலை என்று தோன்றிய நேரத்தில் அவர் கண் லூப் பொத்தானில் விழுந்தது.

அமுக்கினார். தாடிக்காரர் சொல்லிக்கொடுத்த சின்ன மெட்டை வாசித்தார். மறுபடி அமுக்கினார். கையை எடுத்துவிட்டார். பெட்டி வாசித்துக்கொண்டே இருந்தது. அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவருக்காக வேறு யாரும் இப்படி வேலை செய்ததில்லை. கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார்.

அன்று மாலை காபி கொடுக்கும்போது மனைவி சொன்னாள், "நல்லா வருது. ஆனா நடுவுல ஒரு இடத்துல 'டொங்'னு ஒரு தப்பு விழுது."

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்."

"ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல விழுது. அதே 'டொங்'."

"அது ஸ்டைல்" என்று சொல்லிவிட்டுக் காபியால் வாயை அடைத்துக்கொண்டார்.

அன்று இரவே அவர் கணக்குப் போட்டார். இவளுடைய காதை ஏமாற்ற வேண்டுமானால் பதிவு நிஜம்போல இருக்க வேண்டும். 'டொங்' இல்லாமல் வர வேண்டும். நீளமாக இருக்க வேண்டும். நடுவில் தந்தியை முறுக்குகிற சத்தம், தடுமாற்றம், திருத்தம் எல்லாம் வேண்டும். வாரம் முழுக்கத் தினமும் இரவு கடையை அடைத்துவிட்டு வந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, விரல் காய்த்துப்போகும்வரை வாசித்து வாசித்துப் பழகினார். வாசிக்காமல் இருப்பதற்காக ஒரு மனிதன் இவ்வளவு வாசித்தது அந்தப் பெட்டிக்கே புதிதாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகள் சொர்க்கமாயின. பெட்டி வாசிக்கும். அவர் தூங்குவார். சாத்திய கதவுக்கு அப்பால் அடுப்படியில் குழாய்த் தண்ணீர் விழும், மூடிகள் உருளும், மனைவியின் குரல் தனக்குத்தானே புலம்பும்: "இந்த வீட்டுல ஒருத்தி மட்டும்தான் கிடந்து மாயணும்." தாலாட்டு மாதிரி இருக்கும் அவருக்கு. எப்போதாவது, "என்னங்க, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்பாள். "சரிம்மா" என்று படுத்தபடியே போனில் ஒலியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தூக்கம் வரவில்லை. தூங்கித் தூங்கித் தூக்கமே அவரிடம் சலித்துப்போயிருந்தது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"என்னங்க, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க."

"சரிம்மா." குறைத்தார்.

குழாய்ச் சத்தம். மூடி உருண்டது. புலம்பல். பிறகு மறுபடி, "என்னங்க, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க."

"குறைச்சாச்சும்மா." இன்னும் குறைத்தார்.

மறுபடி குழாய். மூடி. புலம்பல். "என்னங்க, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க."

இப்போது பெட்டி கொசுவைப்போல முனகிக்கொண்டிருந்தது. இவளுக்கு இருந்தாலும் இவ்வளவு காது ஆகாது என்று நினைத்தபடி ஒரேயடியாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய் வைத்தார். அறை நிசப்தமானது. ஒப்பந்தப்படி இப்போது பரண்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்னங்க, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க."

மருந்துக்கடைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். பூஜ்யத்துக்குக் கீழே பெட்டியில் எண்ணே கிடையாது. குடும்ப வாழ்க்கையில் முதல்முறையாக நியாயம் முழுக்க அவர் பக்கம் இருந்தது. அந்த வாய்ப்பை விட அவருக்கு மனமில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கதவைத் திறந்து, அடுப்படிக்கு நடந்தார்.

"இல்லாத சத்தத்தை எப்படிக் குறைக்கறது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

அடுப்படியில் யாரும் இல்லை. அடுப்பு சில்லென்று இருந்தது. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆனால் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. மேடைமேல் அவளுடைய பழைய போன். பக்கத்தில் உள்ளங்கை அளவு ஸ்பீக்கர்.

"இந்த வீட்டுல ஒருத்தி மட்டும்தான் கிடந்து மாயணும்" என்றது ஸ்பீக்கர்.

அவர் தன் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். பின்னணியில் ஒரே இரைச்சல்.

"எங்க இருக்கே?"

"தியேட்டர்ல. இடைவேளை, பேசலாம்."

"நீ அடுப்படியில இருக்கேன்னு நினைச்சேன்."

"நீங்க வாசிச்சுக்கிட்டு இருக்கீங்கன்னு நான் நினைச்சேன்."

அவர் மேடைமேல் இருந்த ஸ்பீக்கரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை நாளா நடக்குது?" என்றார், குரல் இறங்கி.

"அண்ணன் அண்ணியோட இது மூணாவது படம். முதல் ஞாயித்துக்கிழமை மட்டும் நிஜமாவே அடுப்படியிலதான் இருந்தேன். மனுஷன் தப்பு பண்ணலாம்ங்க. அதே தப்பை இம்மி பிசகாம அதே மாதிரி பண்ண முடியாது. இதைக் கண்டுபிடிக்கத்தானே எனக்குச் சம்பளம் கொடுக்கறாங்க."

"இந்த ஸ்பீக்கர்…"

"எங்க நிலையத்துல பழசாயிடுச்சுன்னு கொடுத்தாங்க. கதவைச் சாத்தினா உள்ள எவ்வளவு கேட்கணும்னு அளந்துதான் வெச்சேன். ஒருநாள்கூட 'சரிம்மா' சொல்லாம இருந்ததில்லையாமே நீங்க. மேல்மாடிக்காரர் சொன்னார். ரொம்பப் பொறுமைசாலியாம்."

அவர் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"படம் முடிஞ்சு அண்ணனும் அண்ணியும் நம்ம வீட்டுக்குத்தான் வர்றாங்க. காய் நறுக்கி ஃப்ரிட்ஜுல வெச்சிருக்கேன். நாலு பேருக்கு. மணி அடிச்சிடுச்சு, வைக்கறேன்."

அவர் சமைத்தார். வேறு என்ன செய்வது? உப்பைப் போட்டார், போட்டோமா என்று சந்தேகம் வந்து மறுபடி போட்டார். ஸ்பீக்கரை அணைக்க அவருக்கு வழி தெரியவில்லை. சமையல் முடிகிறவரை அது அவருக்காகப் புலம்பிக்கொண்டே இருந்தது.

வந்தார்கள். சாப்பிட்டார்கள். மச்சான் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். பிறகு ஏப்பம் விட்டு, சோபாவில் சாய்ந்து, "மாப்பிள்ளை, கச்சேரி எப்போ?" என்றார். மச்சானின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மருந்துக்கடைக்காரருக்குச் சுருக்கென்று இருந்தது. அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. பொய்யான பதிவுக்காக அவர் பழகியதெல்லாம் பொய்யில்லை. விரல்கள் நிஜம். காய்ப்பு நிஜம். அந்த மெட்டு முழுசாக அவர் கையில் இருக்கிறது.

"இப்பவே வெச்சுக்கலாம் மச்சான்" என்றார்.

பெட்டியைக் கூடத்துக்குத் தூக்கிவந்தார். உறுமல் எதுவும் வேண்டாமென்று சுத்தமான ஒரு குரலைத் தேர்ந்தெடுத்தார். சின்ன மண்டபத்தில் வாசிப்பதுபோல லேசாக ஒரு எதிரொலி சேர்த்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார். முதல் சுரமே கணீரென்று விழுந்தது. இரண்டாவது அதைத் தொட்டுக்கொண்டு வந்தது. அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

"அடடா, கையைச் சரியா அசைக்கிறாரே" என்றாள் மச்சானின் மனைவி.

"பெட்டியோட சேர்ந்து விரலும் போகுது பாரு. நடிப்புன்னா இது நடிப்பு" என்றார் மச்சான்.

வாயைத் திறந்தால் தாளம் போய்விடும். எனவே நிஜம்தான் என்று காட்ட, வேண்டுமென்றே ஒரு தப்புச் செய்தார். 'டொங்.'

"தப்பைக்கூடப் பதிவு பண்ணி வெச்சிருக்கார்" என்று மச்சான் தொடையில் தட்டிக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். உலகத்தில் ஒரு காதுக்கு உண்மை தெரியும் என்றால் அது அந்தக் காதுதான். அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நிலையத்தில் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டாள். முகம் இளகியது. கண்ணில் லேசாக ஒரு ஆச்சரியம்கூடத் தெரிந்தது. அவர் இன்னும் உருக்கமாக வாசித்தார்.

அவள் எழுந்து, நாலு தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"நல்லா இருக்குங்க. அது பாட்டுக்கு வாசிக்கட்டும், நீங்க வந்து பாத்திரத்தைக் கழுவுங்க."