பிரைட்டு அண்ணனும் ஒரு கொண்டை ஊசியும்

மாலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். ஆயுத பூஜை நாள். காரைக்குடியில் எங்கள் தெருமுனை வாடகைக் கார் ஸ்டாண்டில் முதலில் கண்ணில் பட்டது புகை. நடுவில் நின்ற வெள்ளைக் காரின் முன்பக்கத்தில், சாமந்தி மாலைக்கு அடியிலிருந்து நூல் போல எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே நின்ற பதினோரு பேரும் அதை இரண்டு கையாலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். ஒரு ஹெட்லைட் தீப்பிடிப்பதை இவ்வளவு பக்தியோடு வரவேற்ற கூட்டம் வேறெங்கும் இருந்திருக்காது.

அந்தக் கார் பிரைட்டு அண்ணனுடையது. கண் மங்குகிறது என்று டாக்டர் சொன்னதும் காரை ரிப்பேர் செய்த மனிதர், எனக்குத் தெரிந்து, உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

டிரைவர்கள் பேச்சில் ஹெட்லைட்டைத் தாழ்த்தினால் டிம், உயர்த்தினால் பிரைட். எதிரே வண்டி வந்தால் டிம் அடிக்க வேண்டும். அண்ணன் அடிக்கமாட்டார். அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் அவருடைய லைசென்ஸில் இருக்கிறது என்று கேள்வி.

மூன்று வருடத்துக்கு முன் தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தது. மனைவி வள்ளி அக்கா அவரை இழுத்துக்கொண்டு போனார். இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் ஸ்டாண்டுக்கு வந்து வேறு தீர்ப்புச் சொன்னார்.

"கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. ரோடுதான் மங்கிப்போச்சு. முன்னெல்லாம் கல்லல் ரோடு எப்படிப் பளிச்சுன்னு கெடக்கும்!"

பின்னாலேயே வந்த வள்ளி அக்கா விடவில்லை. "ரோடுதான் மங்குச்சாக்கும்? முந்தாநாள் மீன் கொழம்பு பிரமாதம்னு சொன்னீகளே. அன்னைக்கு வச்சது கத்திரிக்காய்."

கூட்டம் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. அக்கா போன பிறகு, பக்கத்தில் நின்ற என்னிடம் மெதுவாகச் சொன்னார். "கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டுக் கத்திய விடுவாகளாம் தம்பி. தப்பிப்போச்சுன்னா? கார் நின்டு போகும். கார் நின்டுட்டா அப்புறம் நான் எதுக்கு?"

அடுத்த மாதம்தான் நான் முதன்முதலாக அவர் காரில் ஏறினேன். வாரம் ஒருமுறை சிவகங்கையில் கலெக்டர் ஆபீசுக்கோ கோர்ட்டுக்கோ என் பத்திரிகைக்காகச் செய்தி எடுக்கப் போக வேண்டியிருந்தது. கண் தெரியாதவர் காரில் ஏன் ஏறினாய் என்று கேட்கலாம். அவர் ஓட்டும் வேகத்தில் சைக்கிள்கள் எங்களை முந்திப் போகும். அந்த வேகத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நானும் நம்பினேன். தவிர, வழி அவருக்கு மனப்பாடம். ஒரே ஒரு தடவைதான் ரோடு வேலைக்காக எங்களை வேறு பாதையில் திருப்பிவிட்டார்கள். ஒரு கொல்லையோரம் காரை நிறுத்தி, வேலிக்குப் பக்கத்தில் சட்டை போட்டு நின்றவரிடம் வழி கேட்டார். பதில் இல்லை. இரண்டாவது தடவை சத்தமாகக் கேட்டார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு, "மரியாதை தெரியாத பய" என்றார். அது குருவி விரட்டக் கட்டி வைத்த வைக்கோல் பொம்மை.

ரோட்டுக்கு வைத்தியம் பல்பில் ஆரம்பித்தது. கம்பெனி பல்ப் அறுபது வாட். அதைக் கழற்றிவிட்டு நூறு போட்டார். ஆறு மாதத்தில் ரோடு மறுபடி மங்கியது. பம்பரில் இரண்டு மஞ்சள் விளக்கு சேர்ந்தது. ரோடு இன்னும் மங்கியது. இரண்டு வெள்ளை விளக்கு. அதற்கும் மேலே, ஒரு முழ நீளத்துக்கு எல்.இ.டி. பட்டை. வாங்கி வருவதும் அவரே, மாட்டுவதும் அவரே. எல்லாவற்றுக்கும் கரண்ட் போனது கார் பிறந்தபோது போட்ட அதே ஒயரில், அதே ஒரு சுவிட்சில்.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் சிவகங்கையிலிருந்து திரும்பும்போது, எதிரே வந்த பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, கையைக் கண்ணுக்கு மறைவாகப் பிடித்தபடி நடந்து வந்தார்.

"யோவ், டிம் அடிய்யா!"

"எதுக்கு?"

"எனக்குக் கண்ணே தெரியல!"

அண்ணனுக்கு உண்மையிலேயே இரக்கம் வந்துவிட்டது. "கண்ணு தெரியலையா? தேவகோட்டையில முகாம் போடுறாக, போய்ப் பாருப்பா. இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா பஸ் ஓட்டுற? அம்புட்டு உசுரு உள்ள இருக்குல்ல?"

அந்த டிரைவர் என்னைப் பார்த்தார். நான் வயலைப் பார்த்தேன்.

இன்னொரு மாலை, செட்டியார் வீட்டுத் தெரு ஒன்றில் சினிமா ஷூட்டிங். எங்கள் ஊரில் இது மழை மாதிரி, அவ்வப்போது வரும். நாங்கள் தெருவுக்குள் திரும்பியதும் ஒரு பையன் ஓடி வந்து கையைக் காட்டினான். "லைட் வண்டியாண்ணே? எவ்வளவு நேரமாக் காத்திருக்கோம்! கொஞ்சம் லெஃப்ட்ல வாங்க. அப்படியே தூண் மேல அடிங்க!" அண்ணன் அடித்தார். கதாநாயகி அந்த வெளிச்சத்தில் நாலு தடவை அழுதார். உண்மையான லைட் வண்டி வந்து சேர்வதற்குள் எங்களுக்குக் கோழிக் குழம்போடு சாப்பாடே வந்துவிட்டது.

"பாத்தியா தம்பி?" என்றார் அண்ணன், எலும்பைக் கடித்தபடி. "சினிமாக்காரனே ஒத்துக்கிட்டான். வள்ளியும் அந்த டாக்டரும்தான் கண்ணு கண்ணுங்குறாக."

ஒத்துக்கொள்ளாத ஒரே பொருள் காரிலிருந்த பியூஸ். வாரத்துக்கு ஒன்று உருகியது. ஸ்டாண்டை ஒட்டி ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த செல்வம், காரைத் தாண்டும்போதெல்லாம் நின்று பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வான்.

"அண்ணே, இம்புட்டு லோடை இந்த ஒயர் தாங்காதுண்ணே. ரிலே போடணும், தடி ஒயர் இழுக்கணும். ஒவ்வொரு லைட்டுக்கும் தனி பியூஸ் வேணும். சுவிட்சைத் தொட்டுப் பாருங்க, எப்படிச் சுடுது!"

"சுடட்டும்டா. மார்கழிக்கு ஆகும்."

"பியூஸ் எதுக்கு உருகுதுன்னு நெனைக்கிறீக? உங்களைக் காப்பாத்தத்தான் உருகுது."

"அது உருகிட்டா நான் நடுரோட்டுல இருட்டுக்குள்ள நிக்கிறேன். இதுதான் காப்பாத்துற லட்சணமா?"

அதற்கு அடுத்த வாரம் பியூஸ் உருகுவது நின்றுவிட்டது. செல்வம் ஆச்சரியப்பட்டான். அதே வாரம் வள்ளி அக்கா வீட்டில் ஒரு கொண்டை ஊசி காணாமல் போனது. இரண்டு செய்தியையும் நான் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஸ்டாண்டில் பூஜைச் சட்டங்களைக் காப்பது அண்ணன்தான். அதில் முதல் சட்டம், ஆயுத பூஜையன்று சாமி முன்னால் வைத்த சாமானை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை ஒருவரும் தொடக் கூடாது. முந்தின வருடம் ஒரு டிரைவரின் கார் பஞ்சர் ஆனது. ஜாக்கி சாமியிடம் இருந்தது. அந்தக் காரில் பெண் பார்க்கப் புறப்பட்ட மாப்பிள்ளை வீட்டாரை அண்ணன் இரண்டு ஆட்டோவில் அடைத்து அனுப்பினாரே தவிர, ஜாக்கியைத் தர மறுத்துவிட்டார்.

இந்த வருடம் மேசையில் ஸ்பேனர்கள் அத்தனையும் மயில்தோகை போல விரித்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம், குங்குமம். கட்டிங் பிளேயர், ஜாக்கி, காற்றடிக்கும் பம்பு. நடுநாயகமாக, ஸ்டாண்டுக்குப் பொதுவான சிவப்பு நிறத் தீயணைப்புச் சிலிண்டர், கழுத்தில் மல்லிகைச் சரத்தோடு.

அண்ணன் தன் காரை மேசைக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தினார். ஹெட்லைட் இரண்டின் மேலும் சந்தனத்தை அப்பி, சாமந்தி மாலையைச் சுற்றி, அதற்கு மேல் ஒரு ஜரிகைத் துண்டையும் கட்டினார். பிறகு என்ஜினை ஓடவிட்டு, எல்லா விளக்கையும் போட்டார்.

"எதுக்குண்ணே இப்ப லைட்டு? பொழுது இன்னும் அடையலையே" என்றேன்.

"சாமி முகம் தெரிய வேணாமா?"

சாமி படம் ஆறடி தூரத்தில் இருந்தது. எங்களுக்கெல்லாம் தெரிந்தது.

பூஜை ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் அந்தப் புகை வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் ஒரு டிரைவர் மூக்கைச் சுளித்தார்.

"சாம்பிராணி எங்குட்டு வாங்குனீக? பிளாஸ்டிக் வாடை அடிக்குது."

"வழக்கமான கடைதான். இப்ப எல்லாத்துலயும் கலப்படம்" என்றார் இன்னொருவர்.

"நம்ம சாம்பிராணிச் சட்டி இங்குட்டுல்ல இருக்கு?" என்றார் வள்ளி அக்கா.

எல்லோரும் திரும்பிச் சட்டியைப் பார்த்தோம். அது ஏற்கெனவே அணைந்திருந்தது. மறுபடி காரைப் பார்த்தபோது பானெட் மேல் பெயின்ட் அப்பளம் போலக் கொப்புளித்துக்கொண்டிருந்தது. மாலைக்குள் ஒரு சிறு தீநாக்கு எட்டிப் பார்த்தது.

செல்வம் பாய்ந்து போய்ச் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினான். விளக்குகள் அணையவில்லை. சுவிட்ச் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. துண்டைச் சுற்றிய கையால் பானெட்டைத் தூக்கினான். "பேட்டரி ஒயரைக் கழட்டணும்! பத்தாம் நம்பர் ஸ்பேனர் குடுங்க, சீக்கிரம்!"

யாரும் அசையவில்லை. பதினோரு பேரும் மேசையைப் பார்த்தோம். பத்தாம் நம்பர், தோகையில் இடமிருந்து மூன்றாவது இறகு.

ஒரு டிரைவர் கையை நீட்டினார்.

"தொடாதே!" என்றது அண்ணனின் குரல். எரிவது தன்னுடைய கார் என்பது தெரிந்துதான் சொன்னார். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் சட்டம் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. "சாமிகிட்ட வச்சதுடா…"

"அண்ணே, வண்டி போயிரும்ணே!" செல்வம் கத்தினான்.

அந்தச் சமயத்தில் ஒரு பெரியவர், உத்தரவு கேட்டுவிட்டு எடுக்கலாமே என்று சொல்லி, தீயணைப்புச் சிலிண்டருக்கு முன்னால் சூடம் கொளுத்த ஆரம்பித்தார். தீயை அணைக்க இன்னொரு தீ. தீக்குச்சி நமத்திருந்தது.

வள்ளி அக்கா முந்தானையை இடுப்பில் செருகினார். மேசைக்குப் போனார். "சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்" என்றார். ஸ்பேனரை எடுத்துச் சந்தனத்தைச் சேலையில் துடைத்துச் செல்வத்திடம் எறிந்தார். அடுத்து சிலிண்டரை மல்லிகைச் சரத்தோடு தூக்கி என் கையில் திணித்தார். "பேப்பர்காரத் தம்பி, சும்மா பாத்துக்கிட்டு நிக்காதீக. அடிங்க!"

அப்பிய சந்தனம் காய்ந்து, சிலிண்டரின் சேஃப்டி பின் இறுகியிருந்தது. மூன்றாவது இழுப்பில் வந்தது. பீறிட்ட பொடியில் அரை நிமிடத்தில் கார், சாமி படம், பொரி, சுண்டல், பதினோரு பேர் எல்லோரும் வெள்ளையாகிவிட்டோம். தீ அணைந்தது. நடுவில் அண்ணன், தலை முதல் கால்வரை திருநீறு பூசியவர் போல, மாலை கருகிய காரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணால் பார்க்கவில்லை. விரலால் பார்த்தார். கொப்புளம் ஒவ்வொன்றாக.

செல்வம் கணக்கெடுத்தான். இடது ஹெட்லைட் உருகிப் போயிருந்தது. டேஷ்போர்டு வரை ஒயர் மொத்தமும் கரி. பியூஸ் பெட்டியில் ஒன்று மட்டும் உருகாமல் இருந்தது. குறட்டால் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினான். கொண்டை ஊசி.

வள்ளி அக்கா அதை வாங்கி, ஊதிக் கரியைத் துடைத்தார். "ரெண்டு மாசமாத் தேடுனேன்" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தோம். திட்டவில்லை. ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு சொன்னார்: "செல்வம், காரை நீ பாரு. இவுகளை நான் பாக்குறேன். கண்ணு சரியாகாம இந்தக் கார்ச் சாவி இவுக கைக்கு வராது."

"கண்ணுல கத்தி விடுவாகளே, வள்ளி…"

"நான் கையைப் பிடிச்சுக்கிறேன்."

அந்த மாதமே மதுரையில் ஒரு கண்ணுக்கும், அடுத்த மாதம் இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன் ஆனது. அக்காவின் கையில் நகக்குறி ஒரு வாரம் இருந்தது. செல்வம் புது ஒயர் இழுத்து, ரிலே போட்டு, விளக்குக்கு விளக்கு பியூஸ் வைத்து, பழையபடி அறுபது வாட் பல்பை மாட்டிக் கொடுத்தான். முதல் நாள் சாயங்காலம் அதைப் போட்டுப் பார்த்த அண்ணன், "என்னடா இப்படிக் கூசுது? கொறைச்சு மாட்டு" என்றாராம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, சிவகங்கைக்குப் போக, என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தார். நான் வெளியே வந்து கதவைத் திறந்தேன். அண்ணன் காரை எடுக்கவில்லை. திரும்பி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஏதோ கெட்ட செய்தி கேட்டவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஏன் தம்பி, எப்ப இப்படி நரைச்சுப்போன?"

நான் முதன்முதலாக அவர் காரில் ஏறியபோதே எனக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.